ரென்ஸ்கா கணக்கை மூடிய முப்பது நாள்

"அழிச்சிடு," என்றார் ரென்ஸ்கா, கைப்பேசியை என் மேசைமேல் குப்புறக் கவிழ்த்து.

"எதை?"

"என்னைத்தான். அந்தத் தளத்துல நான் இருக்கவே கூடாது. படம், பேரு, பிறந்தநாள், எல்லாம் போகணும்."

"கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கவும் வழி இருக்கு."

"கடையா அது, மூடித் திறக்க? வேரோட பிடுங்கு பொண்ணே."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் செவ்வாயும் வெள்ளியும் கணினி உதவி மேசையில் உட்காருகிறேன். காரணம் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. கேட்காமல் இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்பது நான் கண்டுபிடித்தது.

"ஞாயித்துக்கிழமை யந்தினா வீட்டுல காபி," என்று ஆரம்பித்தார். "தோட்டத்துல முதல் பூ பூத்திருக்கு, காட்டுறேன்னு போனைத் திறந்தா, என் பூவுக்கு மேல ஒரு காது. இவ்ளோ பெரிய காது. 'மத்தவங்க பேசுறது கேக்கலையா? இலவசமா சோதிச்சுப் பாருங்க.' யந்தினா அதை சத்தமா வாசிக்கிறா. நாலு பேரு என்னைத் திரும்பிப் பாக்குறாங்க."

"விளம்பரம் எல்லாருக்கும் வரும்."

"என்னது?"

"எல்லாருக்கும் வரும்னு சொன்னேன்."

"வராது. நான் தேடினேன். ஒரே ஒரு தடவை. அதுவும் எங்க உக்காந்து? டாய்லெட்ல, தாழ்ப்பாள் போட்டு. எதிர்ச் சுவத்துல பிறந்தநாள் காலண்டர் மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷப் புருஷன், கேர்ட்டுக்கே தெரியாது. அவனுக்கு முன்னாடி இதுக்குத் தெரிஞ்சிருக்கு."

குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதாக அவர் நினைத்தார். செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள்.

"இடது காது. ரெண்டு வருஷமா மங்கிக்கிட்டே வருது. மெய்ண்டர்ட்டுக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. ஹில்காவை என்ன பண்ணான்? சுருதி சேரலைன்னு முதல்ல பின்வரிசை, அப்புறம் காபி ஊத்துற வேலை. நான் முப்பத்தோரு வருஷமா முன்வரிசை. பெரிய வெள்ளிக்கிழமை கச்சேரி முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். நான்தான் சொல்லணும். அந்த விளம்பரக் காது சொல்லக் கூடாது."

மெய்ண்டர்ட் எங்கள் பாடகர் குழுவை நடத்துபவர். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்.

கணக்கை அழிக்கத் தொடங்கினோம். நிச்சயமாகவா என்று தளம் மூன்று முறை கேட்டது. காரணம் என்ன என்று ஒரு கட்டம் காட்டியது. "உனக்கெதுக்குன்னு எழுது," என்றார். எழுதினேன். முப்பது நாள் காத்திருப்போம், அதற்குள் மனம் மாறினால் திரும்பி வரலாம் என்று கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது.

"நாயா அது, வாசல்ல படுத்துக் காத்திருக்க?" என்றார் ரென்ஸ்கா.

ரென்ஸ்கா டைக்கமா எங்கள் ஊர்த் தபால்காரர். வயது ஐம்பத்தேழு. மின்சார சைக்கிளில் இருபக்கமும் பை தொங்க, அணையோரக் காற்றைத் திட்டிக்கொண்டே வருவார். யாருக்கு மருத்துவமனை உறை வந்தது, யாருக்கு வக்கீல் உறை வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மருத்துவமனை உறையை நீட்டும்போது தலையைச் சற்றுச் சாய்த்து, "உடம்பைப் பாத்துக்கோங்க" என்பார். அந்தரங்கத்தை இதைவிட நன்றாக யாரும் காப்பாற்ற முடியாது என்று அவர் மனதார நம்பினார்.

அவர் வீட்டுச் சன்னலுக்குத் திரையே கிடையாது. இந்தத் தெருவில் யார் வீட்டுக்குத்தான் இருக்கிறது? மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு அவரும் கேர்ட்டும் உருளைக்கிழங்கு சாப்பிடுவதைத் தெருவில் போகும் எவரும் பார்க்கலாம். பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். இதை நான் ஒருமுறை சொன்னபோது அவர் தயாராக இருந்தார்.

"சன்னல் வழியா எட்டிப் பாக்குறவன நானும் பாப்பேன். கை காட்டினா ஓடிடுவான். போனுக்குள்ள இருக்கறவனுக்கு எப்படிக் கை காட்டுறது?"



சத்தமில்லாமல் போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் முப்பத்தோரு வருட முன்வரிசைக்காரர் சொல்லாமல் இறங்குவாரா? அழிப்பதற்கு முன் ஒரு வரி எழுதச் சொன்னார்: 'நான் போகிறேன். வேண்டியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.'

தட்டினார்கள். மறுநாள் காலையில் முதல் ஆளாக யந்தினா பட்டாணி சூப்போடு வந்தார். பிறகு பாதிரியார். மதியத்துக்குள் மூன்று பூங்கொத்துகள் வந்துவிட்டன. புற்றுநோயா என்று ஒருவர் மென்மையாகக் கேட்டார். இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப விட்டுட்டுப் போனான்?" என்றாள். வேலியை வெட்டிக்கொண்டிருந்த கேர்ட், கத்தரிக்கோலும் கையுமாகத் தலையை உள்ளே நீட்டி, "காபி இருக்கா?" என்றார்.

"தனியா இருக்கணும்னு வெளிய வந்தேன்," என்றார் ரென்ஸ்கா என்னிடம். "கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கூட்டம் வரல."

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. வழக்கமாகத் தேவாலயத்தில் நடக்கும் ஒத்திகை அன்று கால்பந்து மன்றத்தின் உணவறையில் நடந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "ரென்ஸ்கா எங்க?" என்று மெய்ண்டர்ட் இரண்டு முறை கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நூலகம் திறந்ததும் வந்துவிட்டார். தபால் பையைக் கழற்றக்கூட இல்லை.

"முக்கால் மணி நேரம் தேவாலய வாசல்ல நின்னேன். மழை. கதவு பூட்டு. இடம் மாத்தினா சொல்ல மாட்டீங்களா?"

"போன வாரமே சொன்னாரே. வெப்பக்குழாய் பழுது பாக்குறாங்கன்னு."

"யாரு?"

"மெய்ண்டர்ட். கடைசியில, நோட்டெல்லாம் எடுத்து வைக்கும்போது."

"எவ்வளவு சத்தமா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "எப்பவும் சொல்ற மாதிரிதான்."

ரென்ஸ்கா மெதுவாக உட்கார்ந்தார். தபால் பை மடியில் சரிந்தது.

"வீட்டுக்குப் போனதும் அந்தத் தளத்துல நம்ம குழுப் பக்கத்தைப் பாப்பேன்," என்றார். "ஒவ்வொரு வியாழனும். அவன் என்னத்த முணுமுணுத்தாலும் யந்தினா அதுல எழுதிடுவா. நான் படிச்சுக்குவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான்." சரிந்த பையை நிமிர்த்தினார். "அதான் யாருக்கும் தெரியல, இல்ல? எனக்கே சரியாத் தெரியல."

காட்டிக்கொடுத்த அதே தளம்தான் இத்தனை நாள் அவரை மறைத்தும் வைத்திருந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் இருபது நாள் இருக்கு," என்றேன். "வேணும்னா திரும்பப் போகலாம். உங்க கணக்கு அப்படியே இருக்கும்."

"அந்தக் காதும் அங்கேயேதான இருக்கும்?"

"இருக்கும்."

"யோசிக்கிறேன்," என்றார். தபால் கொடுக்கப் போய்விட்டார். அடுத்த வியாழனுக்கு இடம் எது என்பதை ஒரு சீட்டில் எழுதி, ஓடிப்போய் அவர் சைக்கிள் பையில் செருகிவிட்டு வந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் அவருக்குப் பிறந்தநாள். முந்தின வருடம் அந்தத் தளத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்த்தியிருந்தார்கள். இந்த வருடம் இங்கே எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். "இந்தப் பதினொண்ணையும் எனக்கு நேர்ல தெரியும்," என்று ஆளாளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். இரண்டாவது துண்டு கேட்பது இங்கே வழக்கமில்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். வட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ரென்ஸ்கா எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய இடது பக்கத்தில் இருந்த மெய்ண்டர்ட், "ரென்ஸ்கா, கச்சேரியில மூணாவது பாட்டை எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு, இல்ல?" என்றார் ரென்ஸ்கா. "எலுமிச்சை போட்டது."

மெய்ண்டர்ட் கேக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெரும்பாலும் வட்டத்தில் வாய் திறப்பதில்லை. "முதல்ல கேக், அப்புறம்தான் பாட்டுன்னு சொல்றாங்க," என்றேன். யந்தினா சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். மெய்ண்டர்ட் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

முப்பதாம் நாள் வந்தது, போனது. ரென்ஸ்கா திரும்பிப் போகவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை அன்று முன்வரிசையில் நின்று மூன்றாவது பாட்டையும் சேர்த்துப் பாடினார். ஓரிடத்திலும் பிந்தவில்லை. முடிந்ததும், எல்லோரும் காபிக் கோப்பையோடு நிற்கும்போது, கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டுச் சொன்னார். இடது காது, ரெண்டு வருஷம், அடுத்த வாரம் மெஷின் வருது.

"அதுக்குத்தான் இவ்ளோ சத்தமா பாடுறியா?" என்றார் மெய்ண்டர்ட். "நான் உன் குணம்னு நெனச்சேன்."

"அதுவும்தான்," என்றார் ரென்ஸ்கா. காபி ஊற்றிக்கொண்டிருந்த ஹில்காவின் கையிலிருந்து கூஜாவை வாங்கி மெய்ண்டர்ட்டிடம் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடிக்க அவர் தேர்ந்தெடுத்த வழியை, பிறந்தநாளன்றே சமையலறையில் என்னிடம் சொல்லியிருந்தார். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என்னை இடம் மாறச் சொல்லி, வலது காதுப் பக்கம் நிற்க வைத்தார்.

"வியாழக்கிழமை முன்வரிசைக்கு வந்து என் இடது பக்கத்துல உக்காரு."

"முன்வரிசையா?"

"பயப்படாத, உன்னை யாரும் பாக்க மாட்டாங்க. என்னைத்தான் பாப்பாங்க. நான் ஆரம்பிக்க வேண்டிய இடத்துல முழங்கையால ஒரு இடி. மெதுவா இடி, எலும்பு தெரியிற ஆளு நீ. அப்புறம் அவன் நோட்டை மூடிக்கிட்டு முணுமுணுக்கறதையெல்லாம் ஒரு தாள்ல எழுது. பென்சில்ல. எழுதி என்கிட்டயே குடுத்துடு. இன்னொரு பிரதி எங்கயும் இருக்கக் கூடாது."