விட்டானா, விட்டுக்கொடுத்தானா?

போன வாரம் ஒரு பந்து மெதுவாக உருண்டு போனதில் என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். நினைக்கலாம். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க மெட்ரோப் படியிலிருந்து திரும்பி ஓடுகிற ஆள் நான் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த முறை என் கவலைக்கு உண்மையான காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு ஐம்பது வயது, பெரிய வயிறு, என் மனைவியின் தம்பி.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோடை வந்தால் எங்கள் ஆட்கள் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பூங்காவை எடுத்து ‘கொலிஜ் மெட்ச்’ நடத்துவார்கள். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் மோதுகிற உதைபந்தாட்டம். எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். பழைய மாணவர்களுக்கு இப்போது முழங்கால் சரியில்லை... அதனால் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அப்பா எந்தக் கல்லூரியோ மகனும் அந்தக் கல்லூரி. அதன் வாசலைக்கூடப் பார்த்திராத, பிரெஞ்சில் கத்திப் பந்து கேட்கிற பொடியன்கள் அதன் மானத்தைக் காப்பாற்ற ஓடுவார்கள். எந்தெந்தக் கல்லூரி என்று எழுதமாட்டேன். எழுதினால் ஆசிரியருக்கு ஃபோன் வரும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குக் கல்லூரி கிடையாது. “நீங்கள் எந்தக் கொலிஜ்?” என்று யாராவது கேட்டால், “சும்மா பார்க்க வந்தனான்” என்பேன்.

ஆனால் இந்த வருடம் சும்மா பார்க்க முடியவில்லை. கோல் காக்க நின்றவன் ஆரூரன். என் மகள் நிலானிக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை.

ஆரூரனின் கல்லூரிதான் வெல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிரே வந்த கல்லூரிக்குப் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. கடைசியில் பதினோராவது இடத்தை நிரப்பத்தான் என் மச்சான் தவத்தைக் கூட்டிவந்தார்கள்.

யாரும் கோல் அடிக்காமல் ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து எப்படியோ தவத்தின் காலடிக்கு வந்தது. அவன் தட்டினான். உதைத்தான் என்று சொல்லமாட்டேன், தட்டினான். பந்து உருண்டது. ஆரூரன் குனிந்தான். கைக்கும் காலுக்கும் நடுவால் போய்விட்டது.

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தவமும்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். ஆனால் அன்று பின்னேரம் ஆரூரன், தன் அணியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். நல்ல தமிழில். நிறுத்தி நிதானமாக.

“எல்லாரும் மன்னிக்கோணும். நான்தான் கோலை விட்டுக்குடுத்தனான்.”

விட்டிட்டன் என்றிருந்தால் பிரச்சினையே இல்லை. கை தவறிவிட்டது, அவ்வளவுதான். விட்டுக்கொடுத்தேன் என்றால்? தெரிந்து, மனம் வைத்து, இந்தா எடுத்துக்கொள் என்று கொடுத்தேன் என்று அர்த்தம். யாருக்கு? பெண்ணின் தாய்மாமனுக்கு!

அந்தச் செய்தி மொன்றியல் முழுக்க ஓடியது. என் கைக்கு மூன்று பக்கத்தால் வந்தது.

ஞாயிறு காலை வில்லரேயில் நாங்கள் வழக்கமாகக் கூடுகிற தேநீர்க் கடையில் வேறு கதையே இல்லை. குலம் அண்ணை தோற்ற கல்லூரியின் பழைய மாணவர். போன வருடம் வென்ற அணி இந்த வருடம் முதல் ஆட்டத்திலேயே ஏன் போனது, நடுவர் யாருடைய சகலன், பெனால்டி ஏன் தரவில்லை என்று எல்லாவற்றையும் ஒரு நூலில் கோர்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு முதலே தெரியும்தானே?”

எனக்கா? எனக்கு என் வீட்டு வாடகை கூடப்போவதே கடைசியாகத்தான் தெரியும். அதைச் சொன்னேன். நம்பவில்லை. சென்னையிலிருந்து வந்த ரமேஷ் என்கிற எஞ்சினியர் பக்கத்தில் இருந்தார். அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “விட்டுக்குடுக்கிறது நல்ல குணம்தானே சார், கல்யாணத்துக்கு அதுதானே முக்கியம்” என்றார். அவ்வளவுதான். ‘கல்யாணத்துக்காகத்தான்’ என்று அங்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள்... ஒரு பந்து தன்பாட்டில் உருண்டு உள்ளே போகும் என்பதை ஏன் எங்களால் நம்ப முடிவதில்லை? கடிதம் பிந்தினால் ஒருவன் காரணம். விசா மறுத்தால் ஒருவன் எழுதிப் போட்டிருப்பான். மின்சாரம் நின்றாலும் யாரோ நிறுத்தியிருப்பான். எதுவும் சும்மா நடக்காத இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதிர்ஷ்டம் என்று ஒன்று நடந்தால் அதையும் பிடித்து வைத்து, உன்னை யார் அனுப்பினான் என்றுதான் கேட்போம்.

நான் மட்டும் விதிவிலக்கா? அன்றிரவு படுத்தால் தூக்கம் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால், இன்று எங்களுக்காகத் தன் ஆட்களைக் கைவிட்டவன் நாளைக்கு வேறு யாருக்காகவோ என் மகளைக் கைவிடமாட்டானா? வேண்டுமென்று விடவில்லை என்றால்... தவம் தட்டின பந்தையே பிடிக்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை எப்படிப் பிடிப்பான்? எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு கவலை.

திங்கள் மாலை ஃபோன் அடித்தது. ஆரூரனின் அப்பா சிவபாலன் அண்ணை. புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. ஆட்டத்தன்று ஓவர்டைம் என்று மைதானத்துக்கு வரவில்லை. குரல் செய்தியைத்தான் கேட்டிருக்கிறார். அதை எத்தனை முறை கேட்டாரோ! எங்களில் தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில். வருகிற வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் பொன்னுருக்கு வைத்திருந்தது.

“பொன்னுருக்கைப் பேந்து பாப்பம்” என்றார்.

பேந்து என்றால் பிறகு. எங்கள் ஆட்கள் அதைச் சொன்னால் எத்தனையாம் வருடத்துப் பிறகு என்று கேட்கக்கூடாது. நானும் கேட்கவில்லை. தன் கல்லூரியின் பெயரைத் தன் மகனே பெண் வீட்டுக்காக விற்றுவிட்டான் என்றார். எங்கள் வீட்டில் யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறோம் என்றார். தவம் கேட்டானா என்றார். நான் இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

மறுநாள் தவத்திடம் போனேன். அவனுக்கு வேறு கோபம்.

“அத்தான், என்ர வாழ்க்கையில அடிச்ச ஒரேயொரு கோல். அதையும் பிச்சை போட்டது எண்டுறீங்களோ?”

கடைசியில் துணிந்து நிலானிக்கு அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அழப்போகிறாள் என்று தண்ணீர்க் கிளாஸும் கையில் வைத்திருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். சிவபாலன் அண்ணை வீட்டில் தமிழில் மட்டும்தான் கதைக்க வேண்டும். குழுவிலும் அப்பா இருக்கிறார் என்பதால் ஆரூரன் அங்கும் தமிழில்தான் பேசுவான். வராத சொல்லை ஃபோனில் தேடி எடுப்பான். கோல் வாங்கிவிட்டான் என்பதை இங்கத்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘கன்சீட்’ என்பார்களாம். அதற்குத் தமிழ் தேடியிருக்கிறான். ஃபோன் சொன்னதை அப்படியே ஒப்பித்திருக்கிறான்.

“அவருக்கு விட்டதுக்கும் விட்டுக்குடுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதப்பா” என்றாள் நிலானி.

அன்று மாலையே நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். சிவபாலன் அண்ணை வேலை உடுப்போடு இருந்தார். தேநீர் வந்தது. பலகாரம் வரவில்லை. நான் கவனித்தேன்.

சொல்லிமுடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, தன் ஃபோனை எடுத்து, அந்த ஆங்கிலச் சொல்லைத் தானே ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். ‘விட்டுக்கொடு’ என்று கொட்டை எழுத்தில் நின்றது. தான் போட்ட சட்டம்தான் மகனை மாட்டிவைத்தது என்று புரிந்த முகம். கண்ணாடியைக் கழற்றினார். மனிதர் இறங்கிவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன்.

“சரி. சொல் பிழை. அப்ப அந்தப் பந்து எப்பிடி உள்ளுக்குப் போனது?” என்றார் மகனிடம்.

நியாயமான கேள்வி. நானும் ஆரூரனைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“வெயில் அப்பா. கண்ணுக்க அடிச்சது.”

சிவபாலன் அண்ணை என் பக்கம் திரும்பினார். “நீங்கள் அங்க நிண்டனீங்கள்தானே. வெயிலோ?”

இரண்டாம் பாதி முழுக்க நான் குடை பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அப்படி ஒரு மழை. சப்பாத்து இன்னும் காயவில்லை. ஈரப் பந்து, வழுக்கிவிட்டது என்று அவன் சொல்லியிருந்தால் நானே சத்தியம் செய்திருப்பேன். கைக்கெட்டிய தூரத்தில் அவ்வளவு நல்ல காரணம் கிடக்க, இவன் ஏன் வெயிலைப் பிடித்துக்கொண்டு வருகிறான்? ஒன்றை மறைக்கப் பார்க்கிறவன்தானே இப்படி உளறுவான்?

அப்படியானால் தவம் கேட்டுத்தான்...

ஆரூரன் தரையைப் பார்த்தான். காது சிவந்திருந்தது. என் மனைவி என் காலை மிதித்தாள்.

“கண்ணைத் திறக்க ஏலாமல் கிடந்தது அண்ணை” என்றேன்.

பொய் இல்லை. மழைக்கும் கண்ணைத் திறக்க முடியாதுதானே.

சிவபாலன் அண்ணை தலையாட்டினார். உள்ளே பார்த்துப் பலகாரம் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு. பந்து ஏன் உள்ளே போனது என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்... என் சந்தேகம் என்னோடு இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லுகிற பொடியனுக்குத் துணிந்து பெண் கொடுக்கலாம்.