செவ்வாய், வியாழன், சனியில் சாகும் பற்றரி

எங்கள் கார் வாரத்தில் மூன்று காலைகளில் செத்துக் கிடக்கும். செவ்வாய், வியாழன், சனி. அந்த மூன்று நாள்களில்தான் என் மனைவிக்கு டயலிசிஸ். காலை ஆறு மணிக்கு அவள் மெஷினில் இருக்க வேண்டும். நான்கு மணித்தியாலம். பிந்திப் போனால் அந்த நேரம் கழிந்துவிடும். பத்து மணிக்கு அடுத்த நோயாளி வாசலில் நிற்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்கும் சிறுநீரகம் இல்லை.

இந்த வைத்தியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்றுதான் வத்தளையை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தோம். கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் இருந்த அதே ஒழுங்கை, வேறு வீடு. வத்தளையில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கார் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. இங்கே வந்த இரண்டாம் கிழமையே தொடங்கிவிட்டது.

விடிய ஐந்தரைக்குத் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து மாடிக் கட்டடத்துக் காவலாளியும் பால் பைக்கற் போட வருகிறவரும் பின்னால் தள்ளுவார்கள். சில நாள் என்ஜின் உடனே பிடிக்கும், சில நாள் லேசில் பிடிக்காது. முச்சக்கர வண்டியில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் கூப்பிட்டுப் பார்த்தோம். கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் வேண்டாம் என்கிறான். அவள் வீங்கிய காலோடு வீதியோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"அதத் பரக்குத, அங்கிள்?" என்று தாதி சிங்களத்தில் கேட்பாள். இன்றைக்கும் பிந்திவிட்டதா என்று.

முதலில் பற்றரிக் கடைக்காரனோடு சண்டை பிடித்தேன். உத்தரவாத அட்டையை மேசையில் எறிந்தேன். அவன் புதிய பற்றரி தந்தான். அதுவும் செத்தது. பிறகு கடற்காற்று உப்பு என்று நினைத்தேன். அதற்காகவே தடித்த உறை ஒன்று வாங்கி, காரை நிறுத்தியதும் மூடிவிடுவேன். உறைக்குள்ளும் செத்தது.

மருதானையில் வயரிங் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் மனிதரிடம் கொண்டுபோனேன். என் வயதுதான், அறுபதுக்குக் கிட்ட; ஆனாலும் அண்ணன் என்ற முறையில் 'நானா' என்றே கூப்பிட்டேன். பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றி, இடையில் மீற்றரைப் பூட்டி, கதவுகளை மூடிவிட்டு அரை மணித்தியாலம் காத்திருந்தார். நிறுத்தியிருக்கும் கார் எவ்வளவு கரண்டைக் குடிக்கிறது என்று அதில் தெரியுமாம். குடிக்கவே இல்லை. பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"பெட்டரி நல்லம். சார்ஜும் நல்லா ஏறுது. வயரிங்கும் நல்லம். கார்ல ஒரு கொறையும் இல்ல சேர்."

"அப்ப என்னிலையே குறை?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்," என்று சிரித்தார்.

"விளையாடாதேங்கோ நானா. மனிசி மூச்சு விடேலாமல் கிடக்கிறா."

சிரிப்பை நிறுத்தினார். "அப்படியெண்டா ராவைக்கி இந்த வயரக் கழட்டி வையுங்க. ரெண்டு நிமிச வேல."

"கழட்டி வைக்கிறதுக்கோ நான் கார் வாங்கினனான்? பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியாட்டிச் சொல்லுங்கோ, வேறை ஆளைப் பாக்கிறன்."

இதை எழுதும்போது என் வாயில் நானே அடிக்கலாம் போல இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போனோம். ஞாயிறு இரவு அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அடித்துக்கொண்டாள். நுரையீரலில் தண்ணீர். ஐந்து நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள்.

அவள் வீடு வந்து மறு கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து மறுபடி மருதானைக்குப் போனேன். இந்த முறை கத்தவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"செவ்வா, வியாழன், சனி மட்டும் ஏன் சேர்? மத்த நாள் ஏன் சாகல்ல?"

"என்ரை விதி."

"கரண்டுக்குக் கெழம தெரியாது. முந்தின நாள் நீங்க என்னமோ செய்றீங்க. எங்க போறீங்க?"

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும். வீடு வர ஏழரை ஆகும். டயலிசிஸ் நாள்களில் மதியமே வந்துவிடுவோம், பிறகு காரைத் தொடுவதில்லை. இதைச் சொன்னேன்.

"அப்ப இருட்டினதுக்குப் பொறகு ஓட்டுற நாள்லதான்," என்றார். "இண்டைக்கி நானும் வாறேன்."

கடையைப் பூட்டிவிட்டு முன் ஆசனத்தில் ஏறினார். வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

"ஏன் சேர் லைட்டப் போட்டீங்க?"

"எந்த லைற்?"

அவர் விரலால் மேலே காட்டினார். கூரையில் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போட்டதாக எனக்கு நினைவே இல்லை. அவர் வெளியே பார்த்தார். ஒழுங்கை முகப்பில் இப்போது தொலைபேசி உறை விற்கும் கடை.

"இந்த எடத்துல செக் பொயின்ட் ஒண்டு ஈந்திச்சில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இருந்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இரவில் சோதனைச் சாவடிக்கு வருகிற எந்தக் காரும் முன்விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போட வேண்டும். உள்ளே இருக்கும் முகங்கள் ஆமிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒருநாள் நான் மறந்தேன். மாலை ஏழு மணிதான். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கண்ணாடியில் துப்பாக்கியால் தட்டினார்கள், இறக்கினார்கள், அவனைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம் கழித்து விட்டார்கள். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நான் எடுத்தால் தொலைபேசியைத் தூக்க மாட்டான்.

அதன்பிறகு நான் மறக்கவில்லை. இதுதான் விஷயம். வேறு கார், வேறு காலம், சாவடியும் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கைக்குள் இருட்டில் திரும்பினால் என் கை தானாக மேலே போகிறது. வீட்டில் இறங்கும்போது கதவு திறந்திருப்பதால் விளக்கு எரிகிறது என்று நினைத்து உறையால் மூடிவிடுகிறேன். விடியவிடிய அது எரிந்து பற்றரியைக் குடிக்கிறது. காலை ஐந்தரை இருட்டில் வெளியே போகும்போது அதே இடத்தில் அதே பொத்தானை மறுபடி அமுக்குகிறேன். அணைந்துவிடுகிறது. மருதானைக்குப் போகும்போது காரில் ஒரு குறையும் இல்லை.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். அவர் அவளிடம் சொன்னார்.

"அக்கா, கண்டுபிடிச்சாச்சி. சேர் சந்தியில திரும்பக்குள்ள உள்ளுக்கு லைட்டப் போடுறார். அதான்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம். அதிலை லைற் போடாமல் எப்பிடி உள்ளுக்கு வாறது?"

பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டாள். எத்தனையோ காலைகள் வீட்டிலிருந்து சந்தி வரை அந்த விளக்கின் கீழ் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவளுக்கும் அது உறுத்தவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

வயரிங்காரர் காருக்குப் போய், நகத்தால் விளக்கின் மூடியை நெம்பி, பல்பைக் கழற்றி என் கையில் தந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. கார் முதல் திருப்பிலேயே பிடித்தது. ஆறு மணிக்கு முன் அவள் மெஷினில் இருந்தாள். நான்கு மணித்தியாலமும் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் பிந்தவில்லை.

அந்த மாதக் கடைசியில் இதயத்தை ஸ்கான் செய்து பார்த்தார்கள். டொக்டர் சிங்களவர், என் மகன் வயது இருக்கும், நல்ல பிள்ளை. தண்ணீர் தேங்கித் தேங்கி இதயம் பெருத்துவிட்டது, இனிப் பழைய நிலைக்கு வரும் என்று சொல்ல முடியாது என்றார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். இந்த இரண்டு மாதத்தில் ஏன் இத்தனை நாள் பிந்தி வந்தீர்கள்?

அவருக்கு எதைச் சொல்வது? அந்தக் காலத்தில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை.

"கார் பழுது," என்றேன்.

கட்டிலில் கிடந்த மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஓம் டொக்டர், கார்தான் பழுது," என்றாள்.