தனிக்குடித்தனம்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட நான் இப்படியான விஷயங்களை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

சண்டை நேரம் செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து சண்டிலிப்பாயில் அண்ணை வீட்டில் இருக்கிறேன். எழுப்புவது, கழுவுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அண்ணையின் மனைவி, என் மச்சாள். எந்த உடுப்பு என்பதையும் அவதான் எடுப்பா.

டவுனில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் கதை சொன்னார். அமெரிக்காவில் முன்பு, கழுத்துக்குக் கீழே அசையாத மாணவர்கள் சிலரைப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் வைத்துத்தான் படிப்பித்தார்களாம். எப்போது எழுப்புவது, எப்போது படுக்கவைப்பது எல்லாம் மற்றவர்களின் முடிவு. அந்த மாணவர்கள் வெளியே வந்து, தாங்களே ஒரு நிலையம் தொடங்கினார்கள்.

"சட்டை போட்டுவிட இன்னொருத்தற்ரை கை வேணும். எந்தச் சட்டை எண்டு நீங்கள் சொல்லவேணும். அவ்வளவுதான் சுயாதீன வாழ்வு," என்றார்.

அங்கே பழக்கமான ஒருத்திக்குப் பார்வை மிகக் குறைவு. அவவும் நானும் சேர்ந்து இருக்க உரும்பிராயில் ஒரு அறை பார்த்தோம். உதவிக்கு ஒரு பெண்ணும் வர ஒப்புக்கொண்டா. வெள்ளிக்கிழமை குடிபோகாவிட்டால் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வீட்டில் சொல்லும்போது சுயாதீன வாழ்வு என்ற அந்தப் பெரிய சொல் வாயில் வரவில்லை. "நான் தனிய இருக்கப்போறன்" என்றுவிட்டேன்.

"தனிக்குடித்தனமோ?" என்றா மச்சாள். "மாப்பிளை ஆர்?"

அண்ணை சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "கக்கூசுக்கு இருத்தி எழுப்ப ஆள் வேணும், உவவுக்குத் தனி வீடு."

"நாங்கள் அடிச்சுக் கலைச்சதெண்டெல்லே சனம் கதைக்கும்," என்றா மச்சாள். "இவ்வளவு காலம் பீ மூத்திரம் அள்ளினதுக்கு நல்ல பேர்."

அவ அள்ளியது உண்மை.

வெள்ளிக்கிழமை காலை மச்சாள் என்னை எழுப்பவில்லை. சக்கர நாற்காலி கட்டிலடியில் இல்லை. கேட்டேன். "புகையிலைக் கொட்டிலுக்கை கிடக்கு. ஏன், பறந்து போகப்போறியோ?" என்றா. என் தொலைபேசியை அண்ணை தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்.

நான் முதலே சொல்லிவைத்த ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. படலையில் மச்சாளின் குரல் கேட்டது.

"அவ வரேல்லை, தம்பி. மனம் மாறிட்டா."

"நான் வாறன்," என்று கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டேன். பிறகு இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

"அந்த அக்கா வாறன் எண்டெல்லே சொல்லுறா?"

"அது சும்மா கத்துறது. காலோடை தலையும் கொஞ்சம் போயிட்டுது. நீர் போம்."

"பாவம்," என்றார் ஓட்டோக்காரர்.

நான் உருண்டு நிலத்தில் விழுந்தேன். கைகளை ஊன்றி வாசல்வரை இழுத்துக்கொண்டு போனபோது ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்துவிட்டது. மச்சாள் என்னைத் தாண்டிக் குசினிக்குச் சமைக்கப் போனா. அண்ணை வரும்வரை அப்படியே கிடந்தேன். தூக்கும்போது அவர் சொன்னார், "இப்ப விளங்குதோ, ஆள் இல்லாட்டில் உன்ரை கெதி?"

அடுத்த நாள் உரும்பிராய் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மச்சாள் தானே எடுத்த நீலச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டா.