பாங்கொக் உறைந்த நாள்

எனக்குப் பாரிஸ்தான் வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பில், ஒரு தலைநகரம் உருவான கதையை ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் சொல்லவேண்டும் என்று ஆசிரியை ஒரு கம்பளித் தொப்பிக்குள் நகரங்களின் பெயர் எழுதிய கடதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பாரிஸ் எனக்கு முன்னால் இருந்தவளுக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது பாங்கொக். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

அப்பாவுக்கு அது அழுகிற விஷயமாகவே படவில்லை. "உன்ரை சித்தப்பா அங்கை மூண்டு வரியம் இருந்தவர். கீழை போய்க் கேள்" என்றார்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, பாங்கொக்கிலிருந்து எங்களிடம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிரெஞ்சு பேசும் ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். பிரெஞ்சு வகுப்பு இல்லாத நேரமெல்லாம் என் தம்பியோடு தரையில் படுத்து லெகோ கட்டுவதுதான் அவருடைய முழுநேரத் தொழில்.

"பாங்கொக் எண்டு நாங்கள்தான் சொல்லுறம். அதின்ரை முழுப் பேர் வேறை" என்றவர், கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். "குருங் தெப் மகா நக்கோன், அமோன் ரத்தனகோசின், மஹிந்தரா அயுத்தயா..."

பெயர் முடிகிற பாடாக இல்லை. எங்களுடையது செபமாலை தவறாத வீடு. ஐந்து வயதுத் தம்பிக்கு அந்த ராகம் மன்றாட்டுமாலையைப் போலவே கேட்டிருக்கவேண்டும். சித்தப்பா மூச்செடுத்த இடங்களிலெல்லாம் கைகூப்பி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான். மேலே சமைத்துக்கொண்டிருந்த அம்மா, "அங்கை என்ன கூத்து நடக்குது?" என்று கத்தினாலும், படிகளில் கேட்டது அவவின் சிரிப்புத்தான்.

"உதை எப்பிடிப் பாடமாக்கினீங்கள்?"

"பக்கத்து அறைப் பொடியன் பள்ளிக்கூடத்துக்குப் பாடமாக்கினவன். சுவருக்குள்ளாலை கேட்டுக் கேட்டு எனக்கும் வந்திட்டுது. கடைசியிலை, அவன் பிழை விட்டால் நான் இஞ்சாலை இருந்து திருத்துவன்."

கதை சொன்னால் போதாது, நகரத்தையே கட்டிக் காட்டுவோம் என்று சித்தப்பா முடிவெடுத்தார். அம்மாவின் கேக் தட்டைக் கேட்டு வாங்கினோம். களிமண்ணில் ஆறு வளைந்தது. ஆற்றின் கிழக்குக் கரையில் அரசர் முதலில் ஒரு தூணை நட்டாராம். நாங்கள் பிறந்தநாள் மெழுகுதிரி ஒன்றை நட்டோம். அடுத்தது அரண்மனைக்குச் செங்கல். சித்தப்பாவின் பார்வை மெதுவாகத் தம்பியின் லெகோக் கோட்டைப் பக்கம் போனது.

"முந்தின தலைநகரம் ஒண்டு சண்டையிலை எரிஞ்சுபோச்சு. அதின்ரை செங்கல்லுகளை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வந்துதான் புதுசைக் கட்டினவை."

"என்ரை கோட்டை எரியேல்லை!" என்று தம்பி அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டான்.

பேச்சுவார்த்தை நடந்தது. இறுதியில் தம்பியையே அரசனாக்கி, தலையில் ஒரு தேநீர் வடியை மாட்டிவிட்டதும் கோட்டை தானாக இடிந்தது. செங்கற்கள் சாப்பாட்டுப் பெட்டியில் ஏறி ஆற்றுவழியே வந்தன. அரண்மனைக்குரிய இடத்தில் அவனுடைய சின்னக் கார்கள் நின்றன. அந்த இடத்தில் உண்மையில் சீன வியாபாரிகள் இருந்தார்களாம். அரசர் அவர்களை ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளிக் குடியேற்றினாராம். தம்பி அரசகட்டளை போட்டுக் கார்களை ஆற்றோரம் நகர்த்தினான். கரண்டியால் வாய்க்கால் வெட்டி நீலத் தண்ணீர் விட்டதும் நகரம் ஒரு தீவானது. பிற்காலத்தில் வாய்க்கால்களை மூடி வீதி போட்டார்கள் என்று சித்தப்பா சொன்னபோது மட்டும், "நான் மூடமாட்டன்" என்று எங்கள் அரசன் மறுத்துவிட்டான்.

என் முறை பெப்ரவரியில் வந்தது, கடைசிப் பாடநேரத்தில். மத்தியானப் பனிக்குளிரில் தட்டைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா என்னோடு நடந்து வந்தார். தண்ணீரைப் பள்ளியில் போய் விடச்சொல்லி அம்மா எவ்வளவோ சொன்னா. "தண்ணியில்லாட்டி அது வாய்க்கால் இல்லை அண்ணி, வெறும் பள்ளக் கிடங்கு" என்றுவிட்டார். பள்ளி வாசலில் குனிந்து பார்த்தேன். பாங்கொக் உறைந்து போயிருந்தது. கடதாசி வள்ளங்கள் நின்ற இடத்திலேயே இறுகிவிட்டன. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

வகுப்பிலோ ஒரே கொண்டாட்டம். நான் கதை சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் தன் அழிறப்பரை வாய்க்காலில் சறுக்கவிட்டான். சித்தப்பா முழுப்பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல எல்லோரும் மேசையில் தட்டினார்கள். "நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள்?" என்று ஆசிரியை கேட்டதை நான் தமிழில் சொன்னேன். சித்தப்பா தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்கு வெளியே, மேசையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இஞ்சை. அரசர் கட்டினது தட்டுக்குள்ளை. பேந்து ஊர் வளந்து வளந்து மேசையெல்லாம் போயிட்டுது."

நான் பிரெஞ்சில் சொல்லி முடிக்கவில்லை, பிள்ளைகள் பென்சில் பெட்டிகளையும் புத்தகங்களையும் கொண்டுவந்து மாடிகளாக அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பாங்கொக் பக்கத்து மேசைகளுக்கும் தாவி யன்னல் வரை போனது. அப்போதுதான் பாரிஸ்காரி எழுந்து, அரண்மனைக் கூரை உண்மையிலேயே தங்கமா என்று கேட்டாள்.

"நான் பாக்கேல்லைப் பிள்ளை" என்றார் சித்தப்பா.

"மூண்டு வரியமாகவோ?" என்றேன் நான்.

"ஓம். டிவியிலை பாத்தனான். அப்பிடியே சொல்லு."

நான் வெட்கத்தோடு மெல்லச் சொன்னேன். இப்படியும் ஒரு சோம்பேறியா என்று நினைத்தேன்.

பள்ளி விட்டு வரும்போது தெருமுனையில் ஒரு பொலிஸ் கார் நின்று எங்களுக்கு வழிவிட்டது. சித்தப்பா அசையவில்லை. பொலிஸ்காரர் போகச்சொல்லிக் கைகாட்டினார். நான் சித்தப்பாவின் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தேன். பாதி வீதியில் திடீரென்று நின்று, நகரத்தை வகுப்பில் இறக்கிவிட்ட வெறும் தட்டை உயர்த்தி, "பொன்ஜூர், மொசியூ!" என்று கூவினார். பொலிஸ்காரர் கண்ணாடியை இறக்கி, "பொன்ஜூர்! குளிரில் கவனம்" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார்.

சித்தப்பாவைப்போல விசா முடிந்தவர்கள் பாங்கொக்கில் பொலிஸுக்குப் பயந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒற்றை அறைக்குள் வருடக்கணக்காக இருந்ததெல்லாம் நான் பெரியவளான பிறகே தெரிந்துகொண்டது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வகுப்பே எனக்குக் கைதட்டியதை ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணை, பொலிஸ்காரன் எனக்குப் பொன்ஜூர் சொன்னவன்!" என்று சித்தப்பா சொல்ல, அப்பா திரும்பத் திரும்ப அதையே சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொறுக்கமுடியாமல், "சித்தப்பா, இஞ்சை எல்லாருக்கும் சொல்லுவினம்!" என்றேன்.

"அதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறன்" என்றார் அவர்.

அவரை நன்றாக மடக்கிவிட்டதாக நினைத்து, நான் பெருமையோடு சோற்றைப் பிசைந்தேன்.