கோதுமை படாத பீட்சா

"வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே செய்துவிடலாம்" என்று அந்த வீடியோக்காரி சிரித்துக்கொண்டே சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அடுத்த நிமிஷம் பாதாம் மாவு, மரவள்ளிக்கிழங்கு மாவு, மாவு உடையாமல் பிடிக்கச் சாந்தன் கம் என்று அடுக்குகிறாள். எந்த வீட்டில் இருக்கிறதாம் இதெல்லாம்? வண்ணார்பேட்டையில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். சாந்தன் கம் என்றதும் ஒருத்தர் எதிரே இருந்த நோட்டுப் புத்தகக் கடைக்குக் கை காட்டினார். போதும்டா சாமி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கென்ன பீட்சா மேல் ஆசையா? என் மகளுக்குக் கோதுமை ஆகாது. ஒரு சிட்டிகை மைதா உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. பிறந்தநாள் வீடுகளுக்குப் போனால் கேக்கைக் கையில் வாங்கிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வருவாள். இந்த வருஷம் பன்னிரண்டு பிறக்கிறதே, என்னட்டி வேணும் என்று கேட்டேன். புதுத்துணி வேண்டாமாம்.

"என் கூட்டுக்காரிய நாலு பேரையும் கூப்பிடணும். பீட்சா செய்யணும். அவளுவ திங்குததையே நானும் திங்கணும். எனக்குன்னு தனித்தட்டு வைக்கக் கூடாது."

இதைக் கேட்டபிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே யோசனை சொன்னார். "ஊத்தப்பத்துக்கு மேல சீஸத் துருவிப் போட்டு மூடி வச்சா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஏன் இந்தப் பாடு?" ஒருத்தி உயிரைக் கொடுத்து அலையும்போது இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

அரிசி மாவு அரைக்க மில்லுக்குப் போனேன். மில் திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். நேற்றுக் கடைசியாக ஓடியது என்ன மாவு என்று கேட்டேன். கோதுமைதான். "அதுக்கென்னம்மா, ஒரு பிடி அரிசியப் போட்டு ஓட்டி எடுத்துட்டு உங்களுத அரைக்கேன். எல்லாருக்கும் அப்படித்தானே அரைக்கேன்?" என்றார் அண்ணாச்சி. என் பிள்ளைக்கு அந்த ஒரு பிடி போதாது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அரிசியை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போச்சு.

சாந்தன் கம்முக்குப் பதில் இசப்கோல் போடலாம் என்று இன்னொரு வீடியோவில் சொன்னார்கள். மெடிக்கலில் கேட்டால் அங்கே உள்ளவர், நாலு பேர் நிற்கும்போது, "எத்தன நாளா போகல?" என்கிறார். பீட்சாவுக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்? மூணு நாளா என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் உண்டு. என்னதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் மகளுக்கு வயிற்றுவலி முழுசாக நிற்கவில்லை. மாசத்துக்கு இரண்டு தடவையாவது சுருண்டு படுத்துவிடுவாள். மோரில் பெருங்காயத்தைத் தூக்கலாகக் கரைத்துக் கொடுத்து வயிற்றைத் தடவிவிடுவேன். "எங்கயோ கோதுமை உள்ள போய்க்கிட்டுத்தான் இருக்கு. வெளிய வாங்கித் திங்குதாளான்னு பாருங்க" என்றார் டாக்டர்.

பார்த்தேன். ஸ்கூல் பேக்கைக் கவிழ்த்தேன். அடியில், நோட்டுத்தாளில் சுருட்டிய பாதி பிஸ்கட், எறும்பு மொய்த்துக் கிடந்தது. "குடுத்தா வேண்டாம்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சும்மா. வாங்கி வச்சேன். திங்கல" என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அதோடு விட்டேனா? சாமி அலமாரி முன்னால் நிறுத்தி, சூடத்தை ஏற்றி, அடிச்சுச் சத்தியம் பண்ணு என்றேன். பதினோரு வயசுப் பிள்ளை எரிகிற சூடத்தில் அடித்து, "நான் திங்கல" என்று சத்தியம் செய்தாள். அப்புறமாவது நம்பினேனா? அடுத்த வலி வந்ததும் மறுபடி பேக்கைக் கவிழ்த்தேன்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலு மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அரிசி மாவு இரண்டு பங்கு, அதேபோல் மிக்ஸியில் அரைத்த கம்பு மாவு ஒரு பங்கு, தயிர், சோடா உப்பு. பிசைந்து தட்டிப் போட்ட முதல் வட்டம் தோசைக்கல்லிலேயே மூன்றாக உடைந்தது. இரண்டாவது வரட்டி மாதிரி வந்தது, அடித்தால் ஆளுக்குக் காயம் படும். இசப்கோலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தேன். உடையவில்லை, ஆனால் உள்ளே மாவு வேகாமல் பிசுபிசுத்தது. கடைசியில் தோசைக்கு ஊறவைத்திருந்த உளுந்தில் ஒரு கை அள்ளி அரைத்து ஊற்றிக் கலந்து பார்த்தேன். உப்பிக்கொண்டு, மெத்தென்று, மடித்தாலும் உடையாமல் வந்தது பாருங்கள்! வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "ஊத்தப்பம்தானே?" என்றார். தோசைச் சட்டுவத்தைத் தூக்கிக் காட்டினேன், போய்விட்டார்.

மகளுக்கு இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் பாக்கெட்டைக் கண்டாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பாள். அன்றைக்கும் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சீஸ், சோடா உப்பு, மிளகுத்தூள் எல்லாம் பாஸ் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு அடுப்பில் மேலே தடவத் தக்காளியை வதக்கினேன். தக்காளி வதங்கும்போது பெருங்காயம் போடாமல் என் கை சும்மா இருக்காது. அஞ்சறைப்பெட்டியில் தீர்ந்திருந்தது. புது டப்பாவை உடைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேடையில் வைத்தேன். வழக்கமாகப் பெட்டியில் கொட்டிவிட்டு டப்பாவை எறிந்துவிடுவேன்.

அவள் அதையும் எடுத்துப் படித்தாள்.

"அம்மா, இதுல கோதுமை இருக்கு."

"பெருங்காயத்துல எங்கட்டி கோதுமை?"

"போட்டிருக்கே. கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம்."

பிடுங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எறும்பளவு எழுத்தில் இருந்தது. சாம்பார், ரசம், கூட்டு, புளிக்குழம்பு, ஒன்று பாக்கியில்லை. அய்யோ, அந்த மோர். வலிக்குது என்று சொல்லும்போதெல்லாம் தூக்கலாகக் கரைத்து, குடிக்க மாட்டேன் என்றவளை அதட்டி, என் கையால் குடிக்க வைத்திருக்கிறேன். மில்லுக்காரரைச் சந்தேகப்பட்டேன், பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். என் பெட்டியை நான் சந்தேகப்படவே இல்லை.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். "நான் அப்பவே சொன்னேம்லா" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அழ நேரமில்லை. தக்காளியைச் சட்டியோடு கொல்லையில் கொட்டினேன். வேறு சட்டி, வேறு கரண்டி, வெறும் பூண்டும் மிளகும் போட்டு மறுபடி வதக்கினேன். பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து பேரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சீஸ் நூலாக இழுபட, என் மகள் மற்றவர்களை விட ஒரு துண்டு கூடவே தின்றாள். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாரும் கிளம்பினார்கள். நான் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "ஏட்டி, அந்தப் பெருங்காயம்..." என்று ஆரம்பித்துத் திரும்பினால், சூடத்தையும் தீப்பெட்டியையும் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள்.

"இப்ப நீ பண்ணு."

"என்னன்னு?"

"நான் திங்கலன்னு சொன்னா நம்புவேன்னு. பேக்கக் கவுத்த மாட்டேன்னு."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலமாரி முன்னால் போய் நின்றேன். அவளே சூடத்தை ஏற்றினாள். கையை நெருப்புப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது தானாகப் பின்னால் இழுத்தது. அவள் அன்றைக்கு இழுக்கவே இல்லை.