நல்ல தண்ணி ஊற்றிய மைதானம்

கோடை விடுமுறையில் நடக்கும் மாநில பள்ளி பேண்டுப் போட்டிக்கு இடம் பார்க்கும் குழுவில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை போக, இது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட தலைவலி. மைதானம் போதுமா, பிள்ளைகள் தங்க இடம் உண்டா, கக்கூஸ் உருப்படியாக இருக்கிறதா, தண்ணீர் வருமா என்று நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். இடம் சரியில்லாமல் பிள்ளைகள் மயங்கி விழுந்தால் எங்கள் தலையைத்தான் உருட்டுவார்கள்.

வருடா வருடம் கோயம்புத்தூர், திருச்சி, மதுரை என்றே சுற்றிக்கொண்டிருந்ததில் எனக்கு எரிச்சல். நான் நயினார்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் மட்டும் டிரம் அடிப்பதில்லையா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "ராமநாதபுரமா? தண்ணியில்லாத காட்டுக்குக் கூப்பிடுறீங்களே" என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மல்லுக்கட்டி, உப்பூரைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியைப் பரிசீலனையில் சேர்க்க வைத்தேன். அந்தப் பள்ளி பேண்டு டீச்சருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "அக்கா, நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நாளில் இடம் பார்க்கப் போனோம். என்னோடு வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், குழுவில் மூத்தவர். காலையிலேயே போய்விட்டோம். மைதானத்தில் கால் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மண் கறுத்து, இறுகி, தூசி கிளம்பாமல் குளுகுளுவென்று கிடந்தது. கடலில் இருந்து லேசாகக் காற்றும் வந்தது. "சும்மா பயமுறுத்திப் போட்டாங்க. நல்லா சில்லுனு இருக்குதுங்க டீச்சர்" என்றார்.

எனக்குச் சில்லென்று இல்லை. அந்த மண்ணை எனக்குத் தெரியும். பங்குனியில் அது அப்படிக் கிடக்காது.

பிள்ளைகள் வரிசையாக வந்து வாசித்துக் காட்டினார்கள். நன்றாகவே வாசித்தார்கள். அதிலும் பெரிய டிரம் அடித்த பெண், பத்தாம் வகுப்பு, ஆள் ஒல்லி, டிரம்முக்குப் பின்னால் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ஆனால் அந்த அடியில் மொத்தக் குழுவும் அவள் கைக்குள் இருந்தது. திரும்பும்போது ஓர் அடிகூடத் தப்பவில்லை. கோயம்புத்தூர்க்காரர் கை தட்டினார். நானும் என்னை மறந்து தட்டினேன்.

முடிந்ததும் அவளை அழைத்துப் பேசினேன். பேண்டுக் கால்சட்டை முழங்கால் வரை ஈரமாக இருந்தது.

"என்னம்மா இது?"

"தண்ணி ஊத்துனோம் டீச்சர். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டோம். வீட்டுக்கு வீடு குடம் வாங்கி, வண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தோம்."

"பள்ளிக்கூடத்துல போர் இருக்கே?"

"அது உப்புத் தண்ணி டீச்சர். ஊத்துனா காஞ்சதும் வெள்ளையாப் பூத்துரும். பாக்க வர்றவுகளுக்கு அசிங்கமா இருக்கும்ல. அதான் நல்ல தண்ணியாவே ஊத்துனோம்."

எங்கள் பக்கம் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். லாரி வரும் நாளுக்குக் காத்திருந்து, முண்டியடித்துப் பிடித்து, மூடி வைத்துக் குடிப்பது. அதைத்தான் இந்த ஊர் எங்கள் இரண்டு பேர் காலுக்குக் கீழே கொட்டியிருந்தது. அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

அவள் விடவில்லை. "போட்டி இங்கன நடக்கும்ல டீச்சர்? எங்க வாப்பா சவுதில இருந்து அப்பத்தான் லீவுல வாராக. நான் அடிச்சு அவுக பாத்ததே இல்ல."

பேண்டு டீச்சர் என்னைத் தனியாக அழைத்துப்போய் மீதியைச் சொன்னார். "வெளியூருன்னா இந்தப் பிள்ளைகள வீட்டுல விடமாட்டாக அக்கா. ராத்தங்கல்னா பேச்சே கெடையாது. இங்கன நடந்தாத்தான் இதுக கலந்துக்க முடியும். பத்தாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சிரும், அந்தப் பிள்ளைக்கு இதுதான் கடைசி."

ஆக, எல்லாம் தெரிந்துதான் நான் முடிவெடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

உச்சிப்பொழுதில் காற்று நின்றது. ஊற்றிய தண்ணீர் முழுக்க ஆவியாகக் கிளம்பியது. இட்லிக் கொப்பரையைத் திறந்து முகத்தைக் காட்டியது போல ஒரு புழுக்கம். அப்போது நாங்கள் உள்ளே மின்விசிறிக்குக் கீழே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கை கழுவும் சாக்கில் வெளியே போய் மைதானத்தின் நடுவில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. இது பங்குனி. போட்டி அக்கினி நட்சத்திரத்தில். மாநிலம் முழுவதிலும் இருந்து பிள்ளைகள் வருவார்கள், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டும் தொப்பியுமாக. அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர்? ஒரு காலைப்பொழுதுக்கே ஊர்க் குடங்கள் காலியாகிவிட்டன.

வண்டியில் திரும்பும்போது கோயம்புத்தூர்க்காரர், "இங்கயே வச்சுப்போடலாமுங்க" என்றார். பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். அவருக்கு அந்த மண்ணைத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த ஊரை உள்ளே கொண்டுவரச் சண்டை போட்ட அதே வாயால், வேண்டாம் சார் என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஏன் என்று விளக்கினேன். அந்த நல்ல தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். நம்பிச் சொன்ன பிள்ளையின் வார்த்தையையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தது போல இருந்தது.

பேண்டு டீச்சருக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை. அலுவலகக் கடிதமே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போட்டி மேற்கே ஒரு மலையடிவாரக் கல்லூரியில் நடந்தது. கூரை போட்ட அரங்கம், வேண்டிய மட்டும் தண்ணீர். ஒரு பிள்ளைகூட மயங்கி விழவில்லை. "நல்ல முடிவு எடுத்தீங்க" என்று ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். நடுவில் ஒலிபெருக்கியில் அந்தப் பள்ளியின் பெயரை அழைத்தார்கள். பதிவு செய்திருந்தார்கள் போலிருக்கிறது, எப்படியாவது வந்துவிடலாம் என்று. விதிப்படி அவர்களுக்குரிய நேரம் முடியும்வரை அரங்கத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். ஜனங்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். நான் அந்த வெற்றுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சரியான முடிவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் டீ குடிக்க எழுந்து போக முடியவில்லை.

பள்ளி திறந்த பிறகு மனசு கேட்காமல் ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். கையில் கோயம்புத்தூர் கடையில் வாங்கிய இனிப்பு டப்பா. இனிப்புக் கொடுத்துச் சரிக்கட்டும் விஷயமா இது? பேண்டு டீச்சர் ஒரு குறையும் சொல்லவில்லை. "வாங்கக்கா" என்று நாற்காலி போட்டார், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதிப்பெண் சான்றிதழ் வாங்க அந்தப் பெண் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"வாப்பா வந்திருந்தாகளா?" என்று கேட்டேன்.

"வந்துட்டுப் போயிட்டாக டீச்சர்." பிறகு ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "அன்னைக்குத் தண்ணி பத்தலையா டீச்சர்? மைதானம் சூடா இருக்குன்னு கடுதாசியில போட்டிருந்துச்சாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வண்டி கொண்டாந்து ஊத்தியிருப்போம்ல."

என் முன்னால் அந்தச் சொம்பு இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். தண்ணீர் குறைவில்லை அம்மா, நீங்கள் ஊற்றிய தண்ணீரைப் பார்த்துத்தான் நான் வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதில், "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றேன், கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு நிற்கிற பிள்ளையிடம்.

"சரி டீச்சர்" என்றாள் அவள், என் மனசு நோகக் கூடாது என்று.