மாமன் மடியில் அசையாமல்

தங்கை மகளுக்கு ஐந்து வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. காரணம் நான்தான். எங்கள் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவளுக்கு நான் ஒரே சொந்த மாமன். தேர்தல், ஆள் பற்றாக்குறை, இரவுப் பணி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் காரணங்களுக்குக் குறைவில்லை.

ஒரு நாள் தங்கை போன் செய்தாள்.

"ஏனுங்ணா, எங்க மாமியார் என்ன சொல்றாங்க தெரியுமா? 'உங்கண்ணனுக்கு நேரமில்லீன்னா உடு அம்மணி, உங்க பெரியப்பன் மவன் இருக்கறானல்ல, அவன உக்கார வெச்சுக்கலாம்'ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க. அப்பா இல்ல, அம்மா இல்ல, நீங்களும் வரலீன்னா இந்த ஊட்டுல நான் மொகத்த எங்கீங்ணா வெக்கறது?"

"வாரேன்" என்றேன். "ஆனா கெடாய மட்டும் காது குத்தி முடிச்ச பொறவு வெட்டச் சொல்லு."

"கெடாய்க்கும் உங்களுக்கும் என்னங்ணா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் எனக்குக் காது குத்தினார்கள். தங்கை அப்போது பிறக்கவில்லை. கோயிலில் முதலில் பலி கொடுக்கும் ஆட்டுக் கெடாயை நிறுத்தி, மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அது சிலுப்பவில்லை. பெரியவர்கள் சாமியைக் கெஞ்சினார்கள். பூசாரி சொம்பிலிருந்து இன்னும் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் காதுக்குள் ஊற்றியதும் தலையை உதறியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. உடனே வெட்டிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு மொட்டை அடித்தார்கள். ஒட்டியிருந்த முடி போவதற்கு, அதே சொம்பில் தண்ணீர் எடுத்து என் தலையில் ஊற்றினார்கள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையை அசைத்தால் தீர்ந்தேன். மாமன் மடியில் கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி ஒரு காதில் இறங்கியது, பிறகு இன்னொன்றில். நான் அசையவில்லை, சத்தமும் போடவில்லை.

"எம் மாப்பள பாருங்க, கல்லாட்ட உக்காந்திருக்கறான்!" என்றார் மாமன்.

இன்றைக்கும் முடிவெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிக்க வந்தால் வேண்டாம் என்பேன். கோயிலில் தீர்த்தம் தெளித்தால் கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். கெடா வெட்டு விருந்து எதற்கும் நான் போவதில்லை. அதை வைத்து எனக்கு மாமிசம் பிடிக்காது என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். விளக்குவதை விட அது சுலபமாக இருந்தது.

தங்கை சிரித்துவிட்டாள். "அட ஏனுங்ணா! மாமா அத எத்தன கல்யாணத்துல சொல்லிப் பெருமப்பட்டாங்க!" சிரிப்பு நின்றதும், "பொறவு வெட்டச் சொல்லிர்றனுங்ணா" என்றாள்.

சொன்னபடியே ஏற்பாடு செய்தாள். ஆனால் கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு, அதே நாளில் வேறொரு குடும்பமும் வந்திருந்தது. இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தேன். கண் எரிந்தது. மொட்டையடித்த ஈரத் தலையோடு தங்கை மகள் என் மடியில் உட்கார்ந்திருந்தபோது, அவர்களுடைய கெடாயை எங்களுக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தித் தண்ணீர் தெளித்தார்கள். இது உடனே சிலுப்பியது.

"மாமா, அதுக்குக் குளுருதுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல அம்மணி. அது சிலுப்புனா வெட்டுவாங்க" என்றேன்.

அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "நான் சிலுப்புனா?"

"உன்னைய ஒண்ணும் பண்ணமாட்டாங்க. காதுல மட்டும் குத்துவாங்க. வலிக்கும்."

"அப்ப வேண்டாம்."

நியாயமான பதில்தான். அவள் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அந்தக் கெடாயை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது, நான் பார்க்கவில்லை. ஆசாரி ஊசியோடு வந்தார். "கையப் புடிங்க, கையப் புடிங்க" என்றார். பிடித்தேன். குத்தியதும் அவள் அலறித் துள்ளினாள். மொட்டைத் தலை என் தாடையில் இடித்து உதடு கிழிந்தது. அடுத்த நொடி மடியிலிருந்து நழுவித் தங்கையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இன்னொரு காது பாக்கி.

ஆளாளுக்கு சாக்லேட், செல்போன் என்று காட்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

"இனிமே குத்தமாட்டாங்க கண்ணு. சும்மா மாமன் மடில போய் உக்காரு" என்றார் தங்கையின் மாமியார்.

"குத்துவாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்க, கொழந்தகிட்ட இப்பிடியா சொல்லுவாங்க? வராதவரு வந்தீங்க, வந்த காரியத்த முடிச்சுட்டுப் போலாமல்ல?"

தங்கை என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்காக இன்னொரு பொய்யை நானும் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை.

சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மொதல்ல மாதிரியே வலிக்குமுங்களா?"

"அதே மாதிரிதான்."

"அப்பறம்?"

"அப்பறம் முடிஞ்சுது. சோறு திங்கலாம்."

உடனே வரவில்லை. ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு மணி பார்த்தார். என் கால் மரத்துப்போயிருந்தது. நான் கூப்பிடவில்லை. பிறகு அவளாகவே வந்து மடியில் ஏறினாள்.

"சீக்கிரமாக் குத்தச் சொல்லுங்க" என்றவள், ஊசி படுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக் குடும்பத்துக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"கத்து அம்மணி" என்றேன். "நல்லாக் கத்து."

குத்தி முடித்துத் தோடு போடும்போது அதன் திருகாணி கீழே விழுந்துவிட்டது. ஆசாரி அதைத் தேடி எடுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.